ஆண்கள் மட்டும் இருக்கும் அறையில்

(வானொலியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரை ஆண்களுக்கானது. பெண்கள் வானொலியை நிறுத்திவிடுங்கள் என்று சொல்லவில்லை, தாராளமாகக் கேளுங்கள். ஆனால் பாலியல் வன்முறை பற்றி எங்கள் ஆட்கள் ஒரு கூட்டம் வைத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கதிரைகளில் பெண்கள் இருப்பார்கள். ஆண்கள் வெளியே கார்த் தரிப்பிடத்தில் தேநீர்க் கோப்பையுடன் நின்று அரசியல் கதைப்பார்கள். இந்த விடயம் பற்றிப் பெண்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? இரவு பஸ்ஸில் எங்கே இருப்பது, எந்த வீதியால் நடப்பது, எந்த உறவினர் வந்தால் பிள்ளையைத் தனியே விடக்கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குப் பத்து வயதிலேயே தெரிந்துவிடுகிறது. தெரியாமல் இருக்க வசதி பெற்றவர்கள் நாங்கள்தான்.

நான் இந்த நகரத்தில் பல வருடங்களாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். வைத்தியசாலை, சொலிசிற்றர் அலுவலகம், சில வேளைகளில் நீதிமன்றம். அங்கே கேட்டது அங்கேயே இருக்கவேண்டும் என்பது எங்கள் தொழிலின் விதி. ஆகவே எவருடைய கதையையும் நான் இங்கே சொல்லப்போவதில்லை. ஆனால் சொற்களைப் பற்றிச் சொல்லலாம், அவை எல்லோருக்கும் பொது.

ஆங்கிலத்தில் ஓர் அதிகாரி சிறிய சொல் ஒன்றைச் சொல்லிக் கேள்வி கேட்பார். அதற்குத் தமிழில் எங்களிடம் நெடுங்காலமாக இருந்த சொல் 'கற்பழிப்பு'. பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின, படங்களில் அப்படித்தான் பேசினார்கள். அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். குற்றம் செய்தது ஒருவன். அழிந்துபோனதாகச் சொல்வது அவளுடைய கற்பு. அதாவது கள்ளன் வந்து போன பிறகு, களவு கொடுத்தவரின் நேர்மை போய்விட்டது என்று ஊர் சொல்வதைப் போன்றது. இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பெண் வாய் திறந்து உண்மை சொல்லவேண்டுமென்றால், முதலில் தனக்குத் தானே தீர்ப்பு எழுதவேண்டும். அதனால்தான் பலரும் 'தொந்தரவு' என்பார்கள், 'பிழையாக நடந்தார்' என்பார்கள், அல்லது ஒன்றும் சொல்லாமல் கீழே பார்ப்பார்கள். இன்று ஈழத்துப் பத்திரிகைகள் பெரும்பாலும் 'பாலியல் வல்லுறவு' என்று எழுதுகின்றன. நல்ல மாற்றம். 'சொல்லில் என்ன இருக்கிறது?' என்று ஒரு நண்பர் என்னோடு வாதிட்டார். சொல்லில்தான் இருக்கிறது. கெடுத்தவனுக்கே அவளைக் கட்டி வைக்கும் நாட்டாமைத் தீர்ப்புகளை நாங்கள் எத்தனை படங்களில் பார்த்துக் கைதட்டினோம்? அவள் கெட்டுப்போன பண்டம் என்று நம்பினால்தானே அந்தத் தீர்ப்பு நியாயமாகத் தெரியும்.

இங்கிலாந்தின் சட்டத்தில் கற்பு என்ற பேச்சே கிடையாது. 2003ஆம் ஆண்டின் பாலியல் குற்றச் சட்டம், 2004 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ளது, கேட்பது ஒன்றைத்தான்: அந்த ஆள் தன் விருப்பத்தால் சம்மதித்தாரா, அப்படித் தெரிவு செய்ய அவருக்குச் சுதந்திரமும் ஆற்றலும் இருந்தனவா? நித்திரையில் இருப்பவருக்கு அந்த ஆற்றல் இல்லை. வெறியில் நினைவு தப்பியவருக்கு இல்லை. பயந்து உறைந்துபோனவருக்குச் சுதந்திரம் இல்லை. 'அவள் கத்தவில்லையே' என்பது சம்மதத்துக்குச் சாட்சி ஆகாது. வழக்கு நடத்துவது வேறு கதை, அது நீண்டு இழுபடும். ஆனால் சட்டம் எந்த இடத்திலிருந்து பார்க்கிறது என்பதை நாங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும்.

இப்போது ஊருக்கு வருகிறேன். புங்குடுதீவு என்ற பெயரை லண்டனில் தெரியாத தமிழர் இல்லை. இங்கும் பாரிஸிலும் சுவிஸிலும் ரொறன்ரோவிலும் அந்த ஊரவர்கள் நிறைந்திருக்கிறார்கள். அந்த ஒரே தீவில், பதினைந்து வருடங்களுக்கு மேற்பட்ட இடைவெளியில் நடந்த இரண்டு கொடுமைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி கேட்கிறேன்.

1999 டிசம்பர் 28ஆம் திகதி. ஓர் ஆலயக் குருக்களின் மகள் சாரதாம்பாள், வயது 29, வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டு வல்லுறவுக்குள்ளாக்கிக் கொல்லப்பட்டார். கடற்படையினர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. எவரும் தண்டிக்கப்படவில்லை. அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்பு, 1996 செப்டெம்பர் 7ஆம் திகதி, சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசாமி, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் செம்மணிச் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டார். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கூடத் திரும்பவில்லை. அந்த வழக்கில் 1998இல் இராணுவத்தினர் தண்டிக்கப்பட்டார்கள், அந்த வழக்கிலிருந்துதான் செம்மணிப் புதைகுழிகளின் கதையே உலகத்துக்குத் தெரியவந்தது. இந்தப் பெயர்களைச் சொல்லும்போது எங்கள் ஆண்களின் குரல் உயரும், கண் சிவக்கும். உயரத்தான் வேண்டும். சீருடை போட்டவன் செய்த அநியாயத்தை மறக்கச் சொல்ல நான் வரவில்லை.

2015 மே 13ஆம் திகதி. அதே புங்குடுதீவு. பாடசாலைக்குப் புறப்பட்ட 18 வயது மாணவி சிவலோகநாதன் வித்தியா வீடு திரும்பவில்லை. கூட்டாக வல்லுறவுக்குள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டிருந்தார். இந்த முறை சீருடை இல்லை, சோதனைச்சாவடி இல்லை. செய்தவர்கள் தமிழ் ஆண்கள். அவர்களில் முக்கியமான ஒருவர் சுவிஸிலிருந்து வந்துபோகும் ஆள், 'சுவிஸ் குமார்' என்றே அழைக்கப்பட்டவர். ஊர்ச் சனம் பிடித்து வைத்தும் அவர் கொழும்புவரை போய், பிறகு வெள்ளவத்தையில்தான் கைதானார். யாழ்ப்பாணத்தில் மூன்று தமிழ் நீதிபதிகள் கொண்ட விசேட தீர்ப்பாயம் விசாரித்து, 2017 செப்டெம்பர் 27ஆம் திகதி ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. இரண்டு பேர் விடுவிக்கப்பட்டனர்.

அந்த மே மாதத்தில் லண்டன் கடைகளிலும் கோயில் மடங்களிலும் நான் கேட்ட பேச்சு என் மனதை விட்டுப் போகவில்லை. 'எங்கட பெடியள் இப்படிச் செய்வாங்களா?', 'போதைப்பொருள் கொண்டுவந்து விட்டிட்டாங்கள்', 'சண்டைக் காலத்தில் இப்படி நடந்திருக்குமா?' போதைப்பொருள் பற்றிய கவலை பொய்யென்று சொல்லமாட்டேன். ஆனால் எல்லாப் பேச்சும் ஒரு வேலையைத்தான் செய்தது. குற்றத்தை எங்கள் வேலிக்கு வெளியே தூக்கிப் போட்டது. எதிரி செய்தால் அது இனத்தின் மானம். எங்கள் ஆள் செய்தால் அது போதை, கெட்ட சகவாசம், காலம் கெட்டுப்போனது. இரண்டு கணக்கிலும் ஆண் என்ற சொல் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

இப்படி வெளியே தூக்கிப் போடும் பழக்கம் வெள்ளைக்காரருக்கும் உண்டு. 2021 மார்ச் 3ஆம் திகதி இரவு, சாரா எவராட் என்ற 33 வயதுப் பெண் கிளப்பத்திலிருந்து பிரிக்ஸ்டன் பக்கம் நடந்து வீட்டுக்குப் போனார். கொரோனா ஊரடங்கு காலம். அடையாள அட்டையைக் காட்டி, கைதுசெய்வதுபோல் நடித்து அவரைக் காரில் ஏற்றியவன், சேவையில் இருந்த ஒரு மெற்றோபொலிற்றன் பொலிஸ்காரன். கடத்தி, வல்லுறவுக்குட்படுத்தி, கொன்றான். ஆயுள் முழுவதும் வெளியே வரமுடியாத சிறை அவனுக்கு. பொலிஸ் மேலிடம் முதலில் சொன்னதும் 'ஒரு கெட்டவன் உள்ளே புகுந்துவிட்டான்' என்ற பாணியில்தான் இருந்தது. ஆனால் பிறகு வெளிவந்தவை வேறு. கொலைக்குச் சில நாட்களுக்கு முன்புதான் அவன் கென்ற் பகுதியில் ஓர் உணவகத்தின் முன்னால் காரில் ஆபாசமாக நடந்திருக்கிறான், ஊழியர்கள் பொலிசுக்கு முறையிட்டும் இருக்கிறார்கள். அவனோடு ஒரே வட்ஸ்அப் குழுவில் இருந்த பொலிஸ்காரர்கள் எழுதிய கேவலமான செய்திகளுக்காக இரண்டு பேருக்கு 2022இல் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது.

அந்த வட்ஸ்அப் குழுவைப் பற்றித்தான் நான் இன்று பேச வந்தேன். அதில் இருந்த மற்ற ஆண்கள் எவரையும் கொலை செய்யவில்லை. பகிடி என்று நினைத்து எழுதினார்கள், பகிடி என்று நினைத்து வாசித்தார்கள். ஆனால் பெண்களை அப்படிப் பேசுவது சாதாரணம் என்ற ஓர் அறை அங்கே கட்டப்பட்டிருந்தது. அந்த அறையில் ஒருவன் பயங்கரமானவன் என்றாலும் எப்படித் தெரியும்? எல்லோரும் அவனைப் போலத்தானே பேசுகிறார்கள்.

எங்கள் கைபேசிகளில் அப்படியான அறைகள் இல்லையா? பழைய மாணவர் குழு, கிரிக்கெட் குழு, ஊர்ச் சங்கக் குழு. 2019இல் பொள்ளாச்சியில் இளம் பெண்களை நட்பாகப் பழகி ஏமாற்றி, வன்முறை செய்து படம்பிடித்த கூட்டம் பிடிபட்டபோது, ஒரு பெண் கெஞ்சும் காணொளி உலகத் தமிழரின் கைபேசிகளில் சுற்றியது. கண்டனம் தெரிவிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே அதை அனுப்பினார்கள். அந்தப் பெண்ணிடம் ஒருவராவது கேட்டாரா? கோவை மகளிர் நீதிமன்றம் 2025 மே 13ஆம் திகதி, வித்தியா கொல்லப்பட்ட அதே நாளில், ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. படத்தை மற்றவர்களுக்குத் தள்ளிவிட்டவர்களுக்கு ஒன்றும் இல்லை. இந்த நாட்டில் ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவரின் சம்மதமில்லாமல் பகிர்வது குற்றம் என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லி வைக்கிறேன்.

லண்டன் மேயர் அலுவலகம் 2022இலும் 2023இலும் ஆண்களை நோக்கிப் பிரசாரம் செய்தது. நண்பன் எல்லை மீறிப் பேசினால் சண்டை பிடிக்க வேண்டாம், பிரசங்கம் செய்யவும் வேண்டாம், 'மேற்' என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் இழுத்துச் சொல் என்றார்கள். பலர் கேலி செய்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, ஏனென்றால் எங்களிடம் அதைவிட நல்ல சொல் இருக்கிறது. 'மச்சான்...' என்று ஒரு தரம் இழுத்துச் சொன்னால் போதும், விளங்காத தமிழன் இல்லை. இரவுநேரப் பெற்றோல் ஸ்ரேஷன் வேலையில், வாடிக்கையாளராக வந்துபோன பெண்ணைப் பற்றிச் சக வேலையாள் அவிழ்த்துவிடும்போது, சிரிக்காமல் இருப்பதே ஒரு செயல். சிரிப்பு வராவிட்டால் அந்தப் பேச்சு அடுத்த முறை குறையும். இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

சரி, கிளப்பம் வீதியையும் தீவுக் காட்டையும் விட்டு வீட்டுக்குள் வருவோம். பெரும்பாலான ஆபத்து அங்கேதான். ரேப் கிரைசிஸ் அமைப்பு சொல்லும் கணக்கின்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெண்களுக்கு நடக்கும் வல்லுறவுகளில் ஏழில் ஆறு தெரிந்த ஆட்களால் நடப்பவை. இரண்டில் ஒன்று கணவனாலோ துணைவனாலோ, முன்னாள் துணைவனாலோ நடப்பது. கணவன் என்று சொன்னதும் நேயர்களில் சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. 'கட்டின மனிசியோட என்ன வல்லுறவு?' என்ற கேள்வியை நான் படித்தவர்களின் வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன்.

அப்போது இந்த நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, 1991 ஒக்ரோபரில் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. கலியாணம் ஒருமுறை கொடுத்த நிரந்தரச் சம்மதம் என்ற நூற்றாண்டுக் கணக்கான பழைய எண்ணத்தை அது தூக்கி எறிந்தது. இலங்கையில் இன்றும் நீதிமன்றம் பிரித்து வைத்த தம்பதிகள் விடயத்தில் மட்டுமே கணவன் மீது அந்தக் குற்றம் சாட்டமுடியும். இந்தியாவில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமும் கணவனுக்கு விதிவிலக்கை அப்படியே வைத்திருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்து இங்கே வந்த நாங்கள், விமானத்திலிருந்து இறங்கும்போது சட்டம் மாறியதை அறிந்துகொண்டோமா? துணைவர் விசாவில் வந்து, ஆங்கிலம் பேசத் தெரியாமல், 'பொலிசுக்குப் போனால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்' என்ற பயமுறுத்தலில் வாழும் பெண்கள் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். அந்தப் பயமுறுத்தல் பொய். வீட்டு வன்முறையால் மணவாழ்க்கை முறிந்துபோனால், துணைவர் விசாவில் இருப்பவர் தனியாக நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க இங்கே விதி உண்டு. சொலிசிற்றரிடம் உடனே கேட்கவேண்டும், தாமதிக்கக் கூடாது. மைத்துனனாக, பெரியப்பாவாக, பக்கத்து அறை வாடகைக்காரனாக இருந்துகொண்டு சுவருக்கு அப்பால் கேட்டும் கேளாததுபோல் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுகிறவர்கள் ஆண்கள்தான்.

இன்னொரு விடயத்தை இதோடு சேர்த்துச் சொல்லாவிட்டால் என் உரை அரைகுறையாகிவிடும். இது ஆண்களுக்கும் நடந்தது. 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'லான்செட்' என்ற பெரிய மருத்துவ சஞ்சிகையில் ஒரு சிறு கட்டுரை வந்தது. லண்டனில் சித்திரவதைக்குள்ளானவர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவ அறக்கட்டளை, இன்று 'ஃப்ரீடம் ஃப்ரம் டோர்ச்சர்' என்ற பெயரில் இயங்குவது, அங்கே அனுப்பப்பட்ட 184 இலங்கைத் தமிழ் ஆண்களின் பதிவுகளை மருத்துவர்கள் ஆராய்ந்திருந்தார்கள். அவர்களில் 38 பேர், அதாவது ஐந்தில் ஒருவருக்கு மேல், தடுப்புக் காவலில் தங்களுக்குப் பாலியல் வன்முறை நடந்ததாகச் சொல்லியிருந்தார்கள். வெளியே சொன்னவர்கள் அத்தனை பேர். சொல்லாதவர்களை யார் எண்ணுவது?

எங்கள் கோயில் திருவிழாவில் தேர்வடம் பிடிக்கும் ஆண்களில், கடைக் கல்லாவில் இருப்பவர்களில், எத்தனை பேர் அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். கேட்டால் 'அடிச்சவங்கள்' என்பார்கள். அதற்கு மேல் சொல் வராது. ஏனென்றால் 'கற்பழிப்பு' என்ற சொல்லில் ஓர் ஆணுக்கு இடமே இல்லை. துன்பப்பட்டவன் பிறகு துன்பம் செய்வான் என்று நான் சொல்லவில்லை, அது அநியாயமான பேச்சு, ஒருபோதும் அப்படிக் கதைக்காதீர்கள். நான் சொல்வது வேறு. உடம்பு தன் கையில் இல்லாமல் போவதென்றால் என்ன, அதைச் சொன்னால் ஊர் என்ன நினைக்கும் என்ற பயம் என்ன, நம்பாத முகத்தைப் பார்ப்பதென்றால் என்ன என்று எங்கள் சமூகத்தில் ஆண்களுக்கே தெரியும். பெண்கள் சொல்வதை விளங்கிக்கொள்ள நாங்கள் வெளிநாட்டுப் புத்தகம் தேடவேண்டிய அவசியமில்லை.

'அப்படியென்றால் நாங்கள் என்ன செய்யவேண்டும்?' என்று கேட்டால், பல தந்தைமாரின் முதல் பதில் மகளுக்குக் காவல் போடுவது. எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள், ஏன் அந்த உடை. மகனிடம் ஒரு கேள்வியும் இல்லை. பதினைந்து வயதுப் பையன் பூட்டிய அறைக்குள் கைபேசியில் என்ன பார்க்கிறான், பெண்ணுடல் பற்றி யார் அவனுக்குப் பாடம் எடுக்கிறார்கள் என்று அறிய அப்பாவுக்கு நேரமில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள் என்று விட்டுவிடுகிறோம். பள்ளியில் சொல்கிறார்கள்தான். ஆனால் 'வேண்டாம்' என்று ஒரு பெண் சொன்னால் பின்னால் சுற்றிச் சுற்றி வந்தால் மனம் மாறுவாள் என்று எங்கள் கதாநாயகர்கள் ஐம்பது வருடமாகச் சொல்லிக்கொடுப்பது தமிழில். அதற்கு மறுப்பும் தமிழில், அப்பாவின் வாயால் வரவேண்டும். படம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொல்லலாம். 'அவள் வேண்டாமென்று சொல்லிப்போட்டாள்தானே, இவன் ஏன் இன்னும் நிக்கிறான்?' என்று கேட்டுப் பாருங்கள். பையன் எரிச்சல்படுவான், ஆனால் கேட்டுக்கொள்வான்.

ரியூஷன் வகுப்பு, நடன வகுப்பு, கோயில் வகுப்பு நடத்தும் சங்கங்களின் நிர்வாகத்தில் பெரும்பாலும் ஆண்கள்தான் இருக்கிறார்கள். பிள்ளைகளோடு பழகும் ஆசிரியர்களின் பின்னணி விசாரிக்கப்பட்டதா, அறைக் கதவு திறந்திருக்கிறதா, ஒரு பிள்ளை முறையிட்டால் யாரிடம் போவது என்று கேட்பதை ஆசிரியரை அவமதிப்பதாக நினைக்காதீர்கள். நல்ல ஆசிரியர் அதை வரவேற்பார். முறைப்பாடு வந்தபோது 'சங்கத்தின் பெயர் கெட்டுவிடும்' என்று மூடி மறைப்பதுதான் பெயரைக் கெடுப்பது.

யாராவது உங்களிடம் வந்து சொன்னால், மனைவியோ தங்கையோ சிநேகிதனோ, அந்த நேரத்தில் எங்கள் கோபத்தை முன்னுக்குக் கொண்டுவரக் கூடாது. 'அவனை வெட்டிப்போட்டு வாறன்' என்று வெளிக்கிடும் அண்ணனைச் சமாதானப்படுத்தும் வேலையும் அவளுடைய தலையில் விழும். 'ஏன் அங்கே போனாய்? ஏன் முதலே சொல்லவில்லை?' என்றும் கேட்காதீர்கள். நம்புகிறேன் என்று சொல்லுங்கள். பிறகு என்ன செய்ய விருப்பம் என்று அவரிடமே கேளுங்கள். லண்டனில் ஹேவன் என்ற பெயரில் கம்பர்வெல், வைட்சப்பல், பாடிங்டன் ஆகிய மூன்று இடங்களில் வைத்திய நிலையங்கள் இருக்கின்றன. பெண்களும் ஆண்களும் சிறுவர்களும் போகலாம். பொலிசுக்குச் சொல்ல விருப்பமில்லாவிட்டாலும் போகலாம். நடந்து ஏழு நாட்களுக்குள் போனால் தடயங்கள் எடுக்கும் வாய்ப்பு அதிகம், முடிந்தால் உடுப்பைத் துவைக்காமல் ஒரு பையில் கொண்டு போங்கள். பொலிசுக்கு முறையிட்டால் முறையிட்டவரின் பெயரை ஊடகங்கள் வெளியிட முடியாது. 1992ஆம் ஆண்டின் சட்டம் அதை ஆயுள் முழுவதும் பாதுகாக்கிறது. ஊர்ப் பத்திரிகையில் வந்துவிடும் என்று பயப்படுபவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ரேப் கிரைசிஸ் அமைப்பின் தொலைபேசி 0808 500 2222. 24 மணி நேரமும் இலவசம், 16 வயதுக்கு மேற்பட்ட எவரும் பேசலாம். ஆண்களுக்கென்று சர்வைவர்ஸ் யூகே என்ற அமைப்பும் லண்டனில் இருக்கிறது. வைத்தியசாலையிலோ பொலிசிலோ ஆங்கிலம் தடையென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா, ஆண் வேண்டுமா என்றும் சொல்லலாம். ஊர்க்காரர் வந்துவிடுவாரோ என்று பயமிருந்தால் தொலைபேசி வழியாக, பெயர் சொல்லாமல் மொழிபெயர்க்கும் ஆளைக் கேட்டுப் பாருங்கள். நான் வந்து நிற்கும்போது 'இவர் வேண்டாம்' என்று நீங்கள் சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.